டெய்லி ரேசிங் ஃபார்ம்: ஒரு பந்தய இதழும் அதை விடாத வாசகர்களும்

டெய்லி ரேசிங் ஃபார்ம் அமெரிக்காவின் மிகப் பழைய குதிரைப் பந்தய நாளிதழ்களில் ஒன்று. அதன் முதல் இதழ் 1894ஆம் ஆண்டு நவம்பர் 17 அன்று சிகாகோ நகரில் வெளியானது. படங்கள் குறைவு, பொடி எழுத்து அதிகம், பக்கத்துக்குப் பக்கம் எண்கள். முதன்முதலாகக் கையில் எடுப்பவருக்கு அது பள்ளியில் பார்த்த மடக்கை அட்டவணையைப் போலத் தோன்றும். ஆனாலும் மாணவப் பருவத்தில் அதைப் படிக்கத் தொடங்கி, தலை நரைத்த பிறகும் விடாத வாசகர்கள் அதற்கு உண்டு. வெறும் எண்கள் நிறைந்த ஒரு தாளின்மீது இவ்வளவு பற்று எப்படி வந்தது? இந்தக் கேள்விக்கான விடை அந்த இதழின் வரலாற்றிலேயே இருக்கிறது.

முதலில் பெயரைப் பார்ப்போம். பந்தய வழக்கில் ‘ஃபார்ம்’ என்பது ஒரு குதிரை இதுவரை ஓடிய பந்தயங்களிலிருந்து தெரியவரும் அதன் நிலை. கிரிக்கெட் வீரர் ஒருவர் ‘நல்ல ஃபார்மில் இருக்கிறார்’ என்று நாம் சொல்வதும் ஏறத்தாழ இதே பொருளில்தான். ஒவ்வொரு குதிரையின் ஃபார்மையும் நாள்தோறும் அச்சிட்டுத் தருவதே இந்த இதழின் வேலை.

பதிவு தோன்றிய கதை

பந்தய முடிவுகளை எழுதிவைக்கும் பழக்கம் இங்கிலாந்தில் வேரூன்றியது. ஜான் செனி என்பவர் 1727ஆம் ஆண்டில் நடந்த பந்தயங்களின் முடிவுகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். பிறகு ஆண்டுதோறும் அதைத் தொடர்ந்தார். 1773இல் வெதர்பி குடும்பத்தார் ‘ரேசிங் கேலண்டர்’ என்ற பதிவேட்டைத் தொடங்கினர். 1791இல் பந்தயக் குதிரைகளின் வம்சாவளி நூலும் அவர்களிடமிருந்தே வந்தது. எந்தக் குதிரைக்கு எது தாய், எது தந்தை, எப்போது பிறந்தது என்பதெல்லாம் அச்சில் ஏறின.

பதிவும் அதைச் சரிபார்க்கும் ஆளும் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1844ஆம் ஆண்டின் எப்சம் டெர்பி பந்தயம் நல்ல எடுத்துக்காட்டு. அது மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டுமான பந்தயம். ‘ரன்னிங் ரெய்ன்’ என்ற பெயரில் ஓடிய குதிரை முதலில் வந்தது. உண்மையில் அது ‘மக்காபியஸ்’ என்ற நான்கு வயதுக் குதிரை என்று லார்டு ஜார்ஜ் பென்டிங்க் குற்றம் சாட்டினார். வழக்கு நீதிமன்றம் போனது. குதிரையைக் கொண்டுவாருங்கள் என்றார் நீதிபதி. குதிரை வரவில்லை. இரண்டாவதாக வந்த ‘ஆர்லாண்டோ’வுக்கே வெற்றி போய்ச் சேர்ந்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது நம்மூர்ப் பழமொழி. பணம் கட்டி ஓடவிடும் குதிரையை மட்டும் பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். வயதைப் பல்தான் காட்டிக்கொடுக்கும்.

சிகாகோவில் ஒரு புதிய தாள்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் பந்தயம் பெருகிக் கிடந்தது. ஆனால் ஒரு நகரத்தில் ஓடிய குதிரை அடுத்த வாரம் வேறு நகரத்தில் ஓடும்போது, அதன் முந்தைய ஓட்டத்தைப் பற்றி அங்கே உள்ள பொதுமக்களுக்கு எதுவும் தெரியாது. குதிரைக்காரர்களுக்கும் பணம் பெறும் தரகர்களுக்கும் மட்டுமே அந்தச் செய்தி தெரிந்திருக்கும். தெரிந்தவன் தெரியாதவனிடம் பணம் பறிப்பதுதான் அன்றைய பந்தயமாக இருந்தது.

இந்த நிலையை மாற்ற முனைந்தவர் ஃபிராங்க் புருனெல். ‘சிகாகோ டிரிப்யூன்’ நாளிதழில் விளையாட்டுப் பகுதியின் ஆசிரியராக இருந்தவர். ஒவ்வொரு திடலிலும் நடந்த ஒவ்வொரு பந்தயத்தின் விவரமும் மறுநாள் எல்லார் கையிலும் இருக்க வேண்டும் என்ற நோக்கத்துடன் தனி நாளிதழைத் தொடங்கினார். 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே, அன்று ஓடப்போகும் குதிரைகளின் பழைய ஓட்டங்களை வரிசையாக அச்சிடும் முறையும் இதழில் நிலைபெற்றது.

காலம் ஒத்துழைக்கவில்லை. சூதாட்டத்துக்கு எதிரான இயக்கம் அமெரிக்கா முழுவதும் வலுத்தது. 1908இல் நியூயார்க் மாநிலம் பந்தயப் பணப்பிடிப்புக்கு எதிராகக் கடும் சட்டம் கொண்டுவந்தது. 1911, 1912 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அந்த மாநிலத் திடல்கள் மூடியே கிடந்தன. பந்தயத்தை மீட்டது ஒரு புதிய கணக்கு முறை. கட்டப்படும் பணம் அனைத்தையும் ஒரே தொகையாகச் சேர்ப்பார்கள். அரசுக்கும் திடலுக்கும் உரிய பங்கைக் கழித்துக்கொண்டு, மீதியை வென்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். இடையில் தரகர் இல்லை. 1908இல் கென்டக்கி டெர்பியில் இம்முறை கையாளப்பட்டது. 1930களில் பொருளாதாரப் பெருமந்தம் வந்தபோது வரி வருவாயை நாடிய மாநிலங்கள் ஒவ்வொன்றாக இதற்கு அனுமதி அளித்தன.

இந்த முறை இதழின் மதிப்பை உயர்த்திவிட்டது. தரகர் இல்லாதபோது, பணம் கட்டுபவர் மோதுவது மற்ற பணம் கட்டுபவர்களோடுதான். பக்கத்தில் நிற்பவரைவிட நன்றாகப் படித்தவருக்கே வாய்ப்பு அதிகம்.

ஒரு வரியில் ஒரு பந்தயம்

இதழில் ஒரு குதிரையின் ஒவ்வொரு பழைய ஓட்டத்துக்கும் ஒரு வரி உண்டு. நாள், திடல், தூரம், தரையின் ஈரநிலை, ஒவ்வொரு கட்டத்தையும் கடந்த நேரம், அந்தந்தக் கட்டத்தில் குதிரை எத்தனையாவது இடத்தில், எவ்வளவு பின்னால் இருந்தது, ஜாக்கியின் பெயர், சுமந்த எடை, பணவிகிதம், கடைசியில் இரண்டொரு சொற்களில் ஒரு குறிப்பு. இவ்வளவும் அந்த ஒரு வரிக்குள் அடங்கும்.

இந்த வரியை உருவாக்குவது எளிய வேலையன்று. திடலின் உயரமான இடத்தில் ஒருவர் தொலைநோக்கியோடு நிற்பார். குதிரைகள் ஓடஓட அவற்றின் வரிசையையும் இடைவெளியையும் உரக்கச் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் அதை எழுதிக்கொள்வார். ஜாக்கிகள் அணியும் சட்டையின் நிறத்தைக் கொண்டே எல்லாக் குதிரைகளையும் அவர் அடையாளம் காண வேண்டும்.

கடைசியில் வரும் குறிப்பு ஏன் முக்கியம்? 1972 ஜூலை 4 அன்று நியூயார்க்கின் அக்வெடக்ட் திடலில் இரண்டு வயதுக் குதிரை ஒன்று தன் முதல் பந்தயத்தில் ஓடியது. நான்காவதாக வந்தது. முடிவை மட்டும் பார்ப்பவர் அதை மறந்துவிடுவார். ஆனால் தொடக்கத்திலேயே வேறொரு குதிரை அதன்மீது பலமாக மோதியதும், அதையும் மீறி அது கடைசிக் கட்டத்தில் பாய்ந்து வந்ததும் பந்தயத்தைக் கூர்ந்து கவனித்தவர்களுக்குத் தெரியும். பதினொரு நாள் கழித்து அது தன் இரண்டாவது பந்தயத்தில் எளிதாக வென்றது. அதன் பெயர் செக்ரடேரியட்.

மதிப்பெண் பட்டியலைக் கையாண்ட ஆசிரியர்களுக்கு இது புரியும். தேர்வன்று காய்ச்சலோடு வந்து 40 மதிப்பெண் வாங்கிய பிள்ளையும், படிக்காமல் வந்து 40 வாங்கிய பிள்ளையும் பட்டியலில் ஒன்றுதான். ஓரத்தில் எழுதிய சிறு குறிப்புதான் இருவரையும் பிரித்துக் காட்டும்.

உரிமையாளரின் நிழல்

1922இல் புருனெல் இதழை மோசஸ் ஆனன்பர்க் என்பவரிடம் விற்றார். கிழக்குப் பிரஷியாவிலிருந்து சிறுவனாகக் குடியேறி, சிகாகோவில் செய்தித்தாள் விற்பனைத் துறையில் முன்னேறியவர் அவர். இதழ் அவர் கையில் வளர்ந்தது. கூடவே, பந்தய முடிவுகளைத் தந்திக் கம்பி வழியாக நாடெங்கும் அனுப்பும் நிறுவனத்தையும் அவர் நடத்தினார். அந்தச் செய்திகளை வாங்கியவர்களில் பெரும்பகுதியினர் சட்டவிரோதமாகப் பந்தயம் பிடிப்பவர்கள். வருமான வரி ஏய்ப்பு வழக்கில் 1940இல் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. 1942இல் விடுதலையாகிச் சில வாரங்களில் இறந்தார்.

மகன் வால்டர் ஆனன்பர்க் நிறுவனத்தை ஏற்று, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கான ‘டிவி கைடு’ இதழையும் உருவாக்கினார். பிற்காலத்தில் இங்கிலாந்துக்கான அமெரிக்கத் தூதராகவும் இருந்தார். 1988இல் இதழ்கள் அனைத்தையும் ரூபர்ட் மர்டாக்கிடம் சுமார் 300 கோடி டாலருக்கு விற்றார்.

வாசகர் நேர்மையான பதிவுக்காக நம்பி வாங்கிய தாளின் உரிமையாளர் சிறை சென்றவர். இந்த முரணை மறைக்க வேண்டியதில்லை. உரிமையாளர்கள் மாறிக்கொண்டிருந்தபோதும் திடலில் தொலைநோக்கியோடு நின்ற மனிதர்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். வாசகரின் நம்பிக்கை அவர்கள்மீதுதான்.

கடிகாரமும் இதழும்

அந்த நம்பிக்கைக்கு வந்த பெரிய சோதனை 1973 மே 19 அன்று பால்டிமோரின் பிம்லிகோ திடலில் நடந்த பிரீக்னஸ் பந்தயம். அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களில் அது இரண்டாவது. முதலாவதான கென்டக்கி டெர்பியைச் சாதனை நேரத்தில் வென்றிருந்த செக்ரடேரியட், இங்கே முதல் வளைவிலேயே கடைசி இடத்திலிருந்து பாய்ந்து முன்னேறி வென்றது.

திடலின் மின்கடிகாரம் 1 நிமிடம் 55 நொடி என்று காட்டியது. டெய்லி ரேசிங் ஃபார்ம் அனுப்பியிருந்த இருவர் தனித்தனியே தங்கள் கைக்கடிகாரங்களில் எடுத்த நேரமோ 1 நிமிடம் 53.4 நொடி. இரண்டு பேரும் ஒரே நேரத்தைக் குறித்திருந்தார்கள். ஒரு நொடியில் குதிரை சுமார் ஐந்து குதிரை நீளம் ஓடிவிடும் என்பது பந்தயக் கணக்கு. ஒன்றரை நொடிக்கு மேற்பட்ட வேறுபாடு சிறியதன்று. அப்போதைய பிரீக்னஸ் சாதனை 1 நிமிடம் 54 நொடி. இதழின் கணக்குப்படி சாதனை முறிந்தது. திடலின் கணக்குப்படி முறியவில்லை.

மின்கடிகாரத்தில் கோளாறு என்பது தெரியவந்ததும், திடலின் நேரக் கணிப்பாளர் கையால் எடுத்த 1 நிமிடம் 54.4 நொடியை அதிகாரப்பூர்வ நேரமாக அறிவித்தார்கள். இதழ் தன் கணக்கை விட்டுக்கொடுக்கவில்லை. அதிகாரப்பூர்வ நேரத்தோடு தன் ஆட்கள் எடுத்த நேரத்தையும் வெளியிட்டது. பல ஆண்டுகள் இரண்டு எண்களும் அருகருகே நின்றன.

குதிரையின் உரிமையாளர் பென்னி செனரி விடவில்லை. 2012இல் மேரிலாந்து பந்தய ஆணையம் மீண்டும் விசாரித்தது. பழைய ஒளிப்பதிவுகள் புதிய கருவிகளால் அளக்கப்பட்டன. நேரம் 1 நிமிடம் 53 நொடி என்று திருத்தப்பட்டது. 39 ஆண்டுகளுக்குப் பிறகு, தாளில் இருந்ததே உண்மைக்கு நெருங்கியது என்று உறுதியானது. இன்று மூன்று பெரும் பந்தயங்களிலும் சாதனை நேரம் செக்ரடேரியட்டின் பெயரிலேயே உள்ளது.

மூன்றாவதான பெல்மான்ட் பந்தயத்தை அது 31 குதிரை நீள இடைவெளியில், 2 நிமிடம் 24 நொடியில் வென்றது. அன்று அதன்மீது பணம் கட்டியவர்களில் 5,617 சீட்டுகளுக்கு உரியவர்கள் தங்கள் பணத்தைப் பெற்றுக்கொள்ளவே இல்லை. பெரும்பாலோர் சீட்டை நினைவாக வைத்துக்கொண்டார்கள். பணத்துக்காக மட்டுமே பந்தயத்துக்கு வருகிறார்கள் என்று சொல்பவர்கள் இந்த எண்ணையும் நினைவில் வைக்க வேண்டும்.

எழுதியவர்களும் படித்தவர்களும்

எண்கள் மட்டுமே ஓர் இதழைத் தாங்கிவிட முடியாது. சார்லஸ் ஹாட்டன் 1930களில் தன் பத்திகளில் தொடர்ந்து பயன்படுத்தியதால்தான் மூன்று பெரும் பந்தயங்களையும் சேர்த்து ‘மும்முடி’ என்ற பொருளில் ‘டிரிபிள் கிரவுன்’ என்று அழைக்கும் வழக்கம் பரவியது. ஜோ ஹிர்ஷ் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இதே இதழில் எழுதி 2003இல் ஓய்வு பெற்றார்.

வாசகர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். முதலாமவர் ஆண்ட்ரூ பேயர். ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது 1966இல் ஆங்கிலக் கவிஞர் சாசரைப் பற்றிய இறுதித் தேர்வை எழுதாமல் பெல்மான்ட் பந்தயம் பார்க்கப் போய்விட்டார். மாணவர்கள் பின்பற்றத் தக்க செயல் இல்லை. ஆனால் பின்னாளில் அவர் செய்த வேலை ஒரு நல்ல மாணவனுடையது. குதிரை ஓடிய நேரத்தை அப்படியே ஒப்பிட்டால் தவறாகும். அன்றைய தரை வேகமானதா, மெதுவானதா என்று கணக்கிட்டு நேரத்தைத் திருத்த வேண்டும் என்றார். கடினமான வினாத்தாளில் 60 வாங்கியவர், எளிய வினாத்தாளில் 75 வாங்கியவரைவிடத் திறமையானவராக இருக்கலாம் அல்லவா? அதே தர்க்கம்தான். இதழின் பழைய பக்கங்களைத் தோண்டித் தோண்டி இந்த ‘வேக எண்’ முறையை வளர்த்து, 1975இல் நூலாக எழுதினார்.

இரண்டாமவர் ஸ்டீவன் கிறிஸ்ட். அவரும் ஹார்வர்டு மாணவர்தான். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பந்தயச் செய்தியாளராகி, 1991இல் டெய்லி ரேசிங் ஃபார்முக்குப் போட்டியாகத் தொடங்கப்பட்ட ‘ரேசிங் டைம்ஸ்’ இதழுக்கு ஆசிரியரானார். பேயரின் வேக எண்கள் முதலில் அச்சானது அதில்தான். உரிமையாளர் ராபர்ட் மேக்ஸ்வெல் இறந்த சில மாதங்களில், 1992இல், அந்த இதழ் நின்றது. வேக எண்கள் டெய்லி ரேசிங் ஃபார்முக்கு வந்தன. 1998இல் முதலீட்டாளர்களைத் திரட்டி டெய்லி ரேசிங் ஃபார்மையே வாங்கினார் கிறிஸ்ட். வாசகரே பதிப்பாளரானார்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பேயர் தன் எண்களைத் தனக்குள் வைத்திருந்தவரை அவை அவருக்குப் பணம் தந்தன. இதழில் அச்சானதும் எல்லாரும் அதே குதிரையில் பணம் கட்டினார்கள்; கிடைக்கும் தொகை குறைந்தது. எல்லாருக்கும் தெரிந்த செய்தியால் எவருக்கும் தனி லாபம் இல்லை. இதழ் தன் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறதோ, அவ்வளவுக்கு அதனால் கிடைக்கும் ஆதாயம் குறையும். அப்படியும் அதை வாங்குபவர்கள் வாங்கிக்கொண்டே இருந்தார்கள் என்றால், லாபத்தைத் தாண்டி வேறு ஏதோ அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

அது நினைவு. பந்தயம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். குதிரையின் பந்தய வாழ்வு பெரும்பாலும் சில ஆண்டுகளே. தாள்தான் நிலைக்கும். இதழின் பழைய தொகுப்புகள் இன்று கென்டக்கி மாநிலத்தின் கீன்லாண்ட் நூலகத்தில் உள்ளன. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் துணையோடு அவை மின்வடிவமாக்கப்பட்டு வருகின்றன. நூறாண்டுக்கு முன் ஏதோ ஒரு சிற்றூரின் சேற்றுத் தரையில் ஏழாவதாக வந்த குதிரையின் பெயரையும் அங்கே தேடி எடுக்கலாம்.

சென்னையில் அதே கேள்வி

பந்தயம் அறிவா, அதிர்ஷ்டமா என்ற கேள்வி நம் மாநிலத்திலும் எழுந்தது. கிண்டி பந்தயத்தால் குடும்பங்கள் சீரழிகின்றன என்ற குரல் வலுத்தபோது, 1974இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1986இல் சென்னைப் பந்தயக் கழகத்தை அரசே எடுத்துக்கொள்ள மற்றொரு சட்டம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது.

கே. ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில் 1996 ஜனவரி 12 அன்று தீர்ப்பு வந்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் திறன் ஆகியவையே வெற்றியைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஆகவே குதிரைப் பந்தயம் திறமையை முதன்மையாகக் கொண்ட ஆட்டம் என்றது நீதிமன்றம். 1986ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்றும் அறிவித்தது. அமெரிக்க நீதிமன்றங்களின் முடிவுகளும் அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டன.

குதிரையின் திறனை எடைபோட முடியும் என்றால், அதற்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் என்பது பதிவு. 1727இல் செனி தொடங்கி, 1894இல் புருனெல் நாள்தோறும் அச்சிட்ட அந்தப் பதிவு இல்லாவிட்டால், பந்தயத்தைத் திறமை என்று எந்த மன்றத்திலும் வாதாடியிருக்க முடியாது.

மாணவர்கள் அறிய வேண்டியது

திறமையான ஆட்டம் என்று நீதிமன்றம் சொன்னதால், பணம் கட்டுவோர் எல்லாரும் லாபம் பெறுவர் என்று பொருளில்லை. அமெரிக்கத் திடல்களில் கட்டப்படும் ஒவ்வொரு 100 டாலரிலும் சுமார் 15 முதல் 25 டாலர் வரை முதலிலேயே கழிக்கப்படுகிறது. மீதியைத்தான் வென்றவர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். எனவே பணம் கட்டுவோர் கூட்டத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டால் நட்டம் உறுதி. இது சாதாரணக் கழித்தல் கணக்கு. எத்தனை இதழ் படித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. பந்தயத்தில் வீட்டை இழந்தவர்களின் கதைகள் நம் ஊர்களிலும் உண்டு. அவற்றை மறந்து இந்த வரலாற்றைப் படிக்கக் கூடாது.

அந்த இதழைப் பழைய வாசகர்கள் ஏன் தூக்கி எறியவில்லை என்பதும் இப்போது விளங்கும். கட்டிய பணம் அன்றே போயிருக்கும். ஆனால் 1972 ஜூலையில் மோதுண்டு நான்காவதாக வந்த ஒரு குதிரையின் வரியும், மின்கடிகாரத்தை மறுத்து இருவர் குறித்த அந்த 53.4 நொடியும் தாளில் அப்படியே இருக்கின்றன.